பெரிய பென்டிரைவ் வந்த நாள்

மேசைமேல் இருந்த கிழட்டு லேப்டாப்புக்குத் தன் கதை முடியப்போகிறது என்று தெரிந்துவிட்டது. நெஞ்சுக்குள் ஏதோ கறகறவென்று அரைத்தது. செத்துப்போன கணவரின் படங்களையும் குரலையும் சுலோச்சனா அதனிடம்தான் வைத்திருந்தாள். வேறெங்கும் இல்லை.

"நான் போறதுக்குள்ள யாராவது வாங்கிக்கோங்கப்பா" என்று முனகியது.

பக்கத்தில் மூடி தொலைந்த பழைய பென்டிரைவ் ஒன்று காலியாகக் கிடந்தது. "என்கிட்ட கொடுங்கண்ணே. எல்லாம் கொள்ளாது. அவர் பேசினதும் நாலு படமும் கொள்ளும்."

"நானா கொடுக்க முடியுமா? அந்தம்மா இல்ல உன்னைச் செருகணும்!"

அந்தம்மாவுக்கோ எல்லாம் ஒரே இடத்தில் இருக்கவேண்டுமாம். உலோக உடம்பும் பெரிய வயிறுமாக ஒரு பென்டிரைவைப் பார்த்து வைத்திருந்தாள். விலைதான் யானை விலை. அத்தனை கொடுத்து வாங்கலாமா என்று ஊரார் எழுதிய விமர்சனங்களையெல்லாம் தினமும் உட்கார்ந்து படித்தாள். படித்தது இதே லேப்டாப்பில். அதுவும் மூச்சிரைக்க மூச்சிரைக்கப் பக்கம் பக்கமாகக் காட்டியது. தீபாவளித் தள்ளுபடி வரும், பொறுங்கள் என்று எவனோ எழுதியிருந்தான். பொறுத்தாள்.

தள்ளுபடியும் வந்தது. அவள் பணம் கட்டி முடித்ததும் லேப்டாப் கண்ணை மூடியது. ரிப்பேர் கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

புதிய பென்டிரைவ் பளபளவென்று வந்து பழையதன் பக்கத்தில் படுத்தது. "இவ்வளவு இடத்தோட வந்திருக்கேனே, எனக்குள்ள என்னத்த வைக்கப்போறாங்க?"

"ஒண்ணுமில்ல தம்பி. எனக்குள்ளயும் அதேதான். உனக்குள்ள இன்னும் நிறையக் கொள்ளும்."