வாயில்லா ஜீவன்

"ஒரு வாரமா சரியாச் சாப்பிடலை டாக்டர். நாலடி நடந்தா மூச்சு வாங்குது" என்றார் பால்காரர்.

கால்நடை மருத்துவர் ஜன்னல் வழியே பார்த்தார். வெளியே பால்காரரின் மனைவி மாட்டைப் பிடித்துக்கொண்டு மரத்தில் சாய்ந்து நின்றாள்.

"கண்ணு எப்படி இருக்கு?"

"வெளுத்துக் கிடக்கு."

"வேற?"

"எழுந்தா கண்ணை இருட்டிக்கிட்டு வருதுன்னு சொல்றா."

மருத்துவரின் பேனா நின்றது. "யாரு, மாடா?"

பால்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "என் வீட்டுக்காரி டாக்டர். அரசாங்கக் காப்பீட்டு அட்டை இனிமே செல்லாதுன்னு ஆஸ்பத்திரியில திருப்பி அனுப்பிட்டாங்க. மாட்டுக்குத்தான் இன்னும் வைத்தியம் இலவசம். நீங்க தர்ற மருந்தையே அவளுக்கும் கொடுக்கலாம்னு..."

"மாட்டு மருந்தையா? நல்லவேளை உளறினீங்க!" மருத்துவர் பதறி எழுந்தார். "என் வீட்டம்மா மனுஷங்களுக்குப் பார்க்கிற டாக்டர். பின்னாடிதான் வீடு, கூட்டிட்டு வாங்க. காசெல்லாம் கேக்க மாட்டா."

அந்தம்மா நிதானமாகச் சோதித்துவிட்டுச் சிரித்தார். "ரத்தம் கம்மி, அவ்வளவுதான். மாத்திரையிலேயே சரியாயிடும்."

பால்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வெளியே வந்ததும் மனைவி அவர் கையைப் பிடித்தாள்.

"என்னை விடுங்க. மாட்டுக்கு உடம்பு சரியில்லைன்னுதானே வந்தோம், அதுக்கு என்னன்னு சொன்னாரு? பாவம், அது வாயில்லா ஜீவன்!"