அப்பா வேஷம்

"ராஜாவோ பிச்சைக்காரனோ, எந்த வேஷம் கட்டினாலும் வனமாமலை அந்த ஆளாவே மாறிடுவார்னு பேப்பர்ல எழுதியிருந்தானுங்க. அதான் உங்களையே கூப்ட்டேண்ணே," என்றான் கான்ட்ராக்டர் தேவராஜ், ஒரகடம் தொழிற்சாலையின் பின்கேட்டைச் சாத்தியபடி.

மேடைப் பயமே அறியாத வனமாமலை, சாத்திய கேட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "இன்னிக்கு என்ன வேஷம்?"

"அப்பா வேஷம். சக்திகுமார்னு ஒரு பையன் மெஷின்ல மாட்டி செத்துப்பூட்டான். அவன் வூட்டுக்குத் தெரிஞ்சா கேஸாயிடும். நீங்கதான் அப்பான்னு அழுது, கையெழுத்துப் போட்டு, பாடிய வாங்கிக்கினு போயிடணும்."

வனமாமலை சுவரோரம் கிடத்தியிருந்த பிணத்தின் முகத்துணியை விலக்கினார். மறுகணம் தலையிலடித்துக்கொண்டு அலறினார்.

"இது சக்திகுமார் இல்லைய்யா! எவன் ஆதாரைக் காட்டி வேலைக்குச் சேர்ந்தானோ... இது என் மவன் நிலவன்யா!"

தேவராஜ் சொக்கிப்போய்ப் பேனாவை நீட்டினான்.

"இன்னா நடிப்புண்ணே! வசனத்தக்கூட சொந்தமா போட்றீங்களே!"