தோற்றுக்கொண்டே இருப்பவன்

அப்பா போய் ஒரு மாதம்கூட முடியவில்லை. மகன் கூடத்தில் உட்கார்ந்து வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தான்.

அவன் மட்டும் ஆடினால் ஏதோ வயசுக் கோளாறு என்று விட்டுவிடலாம். பக்கத்தில் அம்மாவையும் உட்காரவைத்திருந்தான். ஒரே இயர்போனில் ஒரு முனை அவன் காதில், இன்னொரு முனை அம்மாவின் காதில். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, மீதியைத் தெருவில் போய்ப் பேசினார்கள்.

அந்த மீதிதான் வெளியூரில் இருந்த அக்காவின் காதுக்கு எட்டியது. கணவரோடு வாடகைக் காரில் வந்து இறங்கினாள். அம்மாவைக் கையோடு கூட்டிப்போய்விடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்தாள். காரைக்கூட அனுப்பவில்லை.

தம்பி எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தான், குழந்தைகளைப் பற்றி விசாரித்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடி போய் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டான். அம்மாவும் பின்னாலேயே போனாள். இயர்போனைத் தானே எடுத்துக் காதில் செருகிக்கொண்டாள்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் கணவருக்கு அந்தக் கேமைப் பெயரளவில் தெரியும். கல்லூரி நாளிலிருந்தே பாகம் பாகமாக வந்துகொண்டிருக்கிற சண்டை கேம். நடுவில் இரண்டு பாகம் ஊத்திக்கொண்டது. இப்போது வந்திருக்கும் பாகத்தில்தான் பழைய களை திரும்பியிருக்கிறது என்று ஆடுகிறவர்கள் எல்லாரும் கொண்டாடுகிறார்களாம். துக்க வீட்டில் சொல்லக்கூடிய விஷயமா இது? சொல்லிவிட்டார். மனைவி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

வாயைத்தான் மூட முடிந்தது. கண் திரையிலேயே இருந்தது.

கடைசிச் சுற்று. எதிரே நரைத்த தாடியோடு ஒரு கிழட்டு வாத்தியார் நின்றார். மைத்துனன் அடித்த அடியில் வாத்தியாரின் பலம் பாதிக்கு மேல் குறைந்தது. இன்னும் நாலு குத்து விட்டால் முடிந்தது கதை. அங்கே போய் இவன் சும்மா நின்றான். வாத்தியார் விட்ட உதைகளை எல்லாம் வாங்கிக்கொண்டு பொத்தென்று விழுந்தான். மறுபடி ஆரம்பித்தான். மறுபடியும் அப்படியே விழுந்தான்.

"உன் தம்பி போட்டியில எல்லாம் ஜெயிச்சவன்," என்று மனைவியிடம் கிசுகிசுத்தார். "இப்ப வேணும்னே தோக்குறான். எனக்கென்னமோ பயமா இருக்கு."

அக்காவுக்கு அதைவிடப் பெரிய பயம் வந்திருந்தது. அவள் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் அடி வாங்கி விழுகிற ஒவ்வொரு தடவையும் அம்மா சிரித்தாள்.

அக்கா போய் அம்மாவின் முன்னால் நின்றாள். துணிமணியை எடுத்து வைக்கச் சொன்னாள். தன் வீட்டில் தனி அறை இருக்கிறது, பேத்திகள் இருக்கிறார்கள், பொழுது போவதே தெரியாது என்றாள். அம்மா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். கடைசியில் வரமாட்டேன் என்றாள். தலையைச் சாய்த்து, மகளைத் தாண்டித் திரையைப் பார்த்தாள்.

கோபம் முழுவதும் தம்பியின் மேல் திரும்பியது.

"அப்பா டப்பிங் ரூம்ல தொண்டை கிழியக் கத்திக் கத்தி நம்மள வளர்த்தாருடா. அந்த மனுஷன் போன ஈரம்கூடக் காயல. உனக்கு விளையாட்டு கேக்குது. அம்மாவையும் சேர்த்துக் கெடுத்து வச்சிருக்க."

தம்பி கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. திரையில் விழுந்துகொண்டிருந்தான்.

அக்கா இயர்போன் ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். சத்தம் டிவிக்கு வந்தது.

திரையில் வாத்தியார் குனிந்தார். கீழே கிடந்தவனைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"பலமா பட்டுடுச்சா? எழுந்திரு. எப்ப வேணும்னாலும் வா. நான் இங்கயேதான் இருப்பேன்."

அப்பாவின் குரல்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்பா காலமெல்லாம் யார் யாருக்கோ குரல் கொடுத்தார். எதற்கு, எவருக்கு என்று அவள் ஒரு நாளும் கேட்டுவைத்ததில்லை.

"வர்றவங்களுக்குக் கேக்க வேணாம்னுதான்டி காதுல வச்சோம். நீ தாங்க மாட்டேன்னு உங்கிட்டயும் சொல்லல," என்றாள் அம்மா. "காரியத்தன்னிக்கு யாரோ அவர் பேச்சை போன்ல போட்டாங்கன்னு மயங்கி விழுந்தியே."

தம்பி மெதுவாக விஷயத்தைச் சொன்னான். முதல் பாகத்திலிருந்தே வாத்தியாருக்குத் தமிழில் அப்பாதான் குரல். இடையில் வேறு ஆளைப் பேசவைத்து இரண்டு பாகம் எடுத்தார்கள். இந்தப் பாகத்துக்கு அப்பாவையே திரும்பக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன்னால் அவர் கடைசியாகப் பேசிக் கொடுத்தது இதுதான். வாத்தியாரை நாம் எடுத்து ஆட முடியாது. எதிரியாக மட்டும்தான் வருவார். அவரிடம் நாம் தோற்றால்தான் வாயைத் திறப்பார்.

"ஜெயிச்சா?" என்று கேட்டார் அக்காவின் கணவர்.

தம்பி கையிலிருந்த கன்ட்ரோலரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"முதல் நாள் ஜெயிச்சேன் மாமா. அப்பா அலறிக்கிட்டே விழுந்தாரு. அம்மா அவரைப் பிடிக்கப் போறாப்ல எழுந்து டிவிகிட்ட ஓடினாங்க."

திரையில் வாத்தியார் அடுத்த ஆட்டத்துக்குக் காத்துக்கொண்டு நின்றார்.

காரை அனுப்பிவிடும்படி அக்கா கணவரிடம் சொன்னாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து அம்மாவை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

"தம்பி," என்றாள். "இன்னொரு தடவை தோத்துடுடா."