ஜெபமணி பிடுங்கிய ஒயர்

மகளின் பிரசவத்துக்காக வெளிநாட்டு விமான நிலையத்தில் வந்து இறங்கிய எஸ்தர், பாஸ்போர்ட் வரிசையில் காலையிலிருந்து பின்னோக்கியே போய்க்கொண்டிருந்தாள். ஊரில் நம் தலைவர் மேடையேறி இந்த நாட்டைத் திட்டத் திட்ட, இங்கே வரிசைக்கு மேலே தொங்கும் பலகையில் நம் நாட்டின் மதிப்பு இறங்கும். இறங்குகிற அளவுக்கு நம்மவர்கள் பின்னால் போய் நிற்க வேண்டும். அதுதான் சட்டம்.

இன்றைய கூட்டத்துக்கு மைக் செட் போட்டிருந்ததே அவள் புருஷன் ஜெபமணிதான். போன் செய்தாள்.

"ஏங்க, பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சாம். அந்த ஒயரைக் கொஞ்சம் புடுங்கி விடுங்க."

ஜெபமணி பிடுங்கினார். பலகையில் மதிப்பு மளமளவென்று ஏறியது. எஸ்தர் கவுண்டருக்கே வந்துவிட்டாள். அதிகாரி முத்திரையை ஓங்கிய நேரத்தில் மதிப்பு அதலபாதாளத்துக்குப் போனது.

"ஒயரைத் திரும்ப மாட்டிட்டீங்களா?"

"இல்லடி. வெறும் தொண்டையிலயே கத்துறாரு. மைக்கைக் கெடுத்தது அந்த நாட்டுச் சதியாம். ஜனம் எழுந்து நின்னு கை தட்டுது."

"நீங்க தட்டலையே?"

பதில் கொஞ்சம் தள்ளியிருந்து கேட்டது. மனிதர் போனைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

"என்னமா பேசுறாரு தெரியுமா."