மைனாவுக்குத் தெரிந்த வரிசை

வானிலை நிலையக் கணினியில் காற்று, மழை, அலை என்று ஒவ்வொன்றையும் கவனிக்கும் நிரல்கள் முன்பெல்லாம் ஒவ்வொன்றாக, தத்தமக்கென்று ஒரு பீப் ஒலியோடு எழும். புதிய இயங்குதளம் எல்லாவற்றையும் ஒரேயடியாக எழுப்பியதில் புயல் எச்சரிக்கை முடங்கிவிட்டது.

"எது முதல்ல எந்திரிக்கும்னு மறந்துபோச்சும்மா. பழைய டிஸ்க்கும் போச்சு" என்றார் நிலையத்தை நெடுநாளாகத் தனியாகப் பார்த்துக்கொண்ட பெர்னார்ட்.

ஜன்னலில் மைனா, கேட்டுப் பழகிய பழைய பீப் ஒலிகளை வழக்கம்போலக் கத்திக்கொண்டிருந்தது. கணினியைச் சரிசெய்ய வந்திருந்த ரெஜினா காதைத் தீட்டிக்கொண்டாள். அது கத்திய வரிசையிலேயே நிரல்களை எழுப்பினாள். எச்சரிக்கையும் எழுந்துகொண்டது.

மைனா நிறுத்தவில்லை. கடைசியாக, ஓர் ஆணின் குரலில், "எல்லாரும் வந்தாச்சா?" என்றது.

"சார், இது நீங்களா?"

"இங்க நான் ஒருத்தன்தானே இருந்தேன். நான் அப்படிக் கேட்டதே இல்லம்மா."

மைனா தலையைச் சாய்த்து, பதிலுக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.