வெளியில் போட்ட பூட்டு

என் கடையில் தொங்கும் அத்தனை பூட்டுகள்மேலும் சத்தியம், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. பூட்டு வியாபாரம் பெருக இணையத்தில் பிளாக் எழுதச் சொன்னார்கள். நானும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில் கம்ப்யூட்டரோடு கடையின் பின்னறைக்குள் போய், நானே செய்த பூட்டை வெளியில் போடச் சொல்லி, இருந்த ஒரே சாவியை மைத்துனன் ஏகநாதனிடம் கொடுத்தேன்.

"எழுதி முடிக்கிற வரைக்கும், நான் கெஞ்சினாலும் திறக்காதே மாப்ள."

எழுதினேன். எங்கள் பூட்டை எந்தத் திருடனாலும் திறக்க முடியாது என்று நான் எழுதியதைப் படித்துவிட்டுக் கடையில் கூட்டம் கூடியது. கதவைத் தட்டினேன்.

"முடிச்சிட்டேன், திற மாப்ள!"

"பிரமாதம் மாமா. அப்படியே இன்னொண்ணு எழுதுங்க."

வெளியே யாரோ கேட்டார்: "இதையெல்லாம் யாருங்க எழுதுறது?"

"நான்தாங்க" என்றான் ஏகநாதன். குரலில் துளி நடுக்கமில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

"டேய் துரோகி!" என்று கதவை உதைத்தேன்.

"உள்ள யாரோ கத்துறாங்களே?"

"பூட்டைச் சோதிக்க ஆள் போட்டிருக்கோம் சார். எவ்வளவு உதைச்சாலும் திறக்காது, பாத்துக்குங்க."

"அப்ப எனக்கு ரெண்டு குடுங்க."

அன்றிலிருந்து உள்ளேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். சாப்பாடு ஜன்னல் வழியாக வருகிறது. ஊரெல்லாம் படித்துவிட்டு ஏகநாதனுக்கு மாலை போடுகிறது.

சத்தியம் செய்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: எங்கள் கடையின் பிளாகில் இன்றுவரை ஒரு பதிவுகூட வந்ததில்லை.