கழுகின் காயம்

"இது காயம்பட்ட கழுகு இல்லை" என்றார் காசுகளைச் சோதித்துச் சொல்லும் டெல்பர்ட். "யாரோ கூர்முனையால கீறியிருக்காங்க."

நாணயம் சேகரிப்போர் கழகத்தின் கூட்டம் அது. எல்லோரும் காபிக் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பினார்கள்.

எதிரே நின்றவர் மெர்ல். சென்ற மாதம்தான் மனைவி ஆர்டிஸை அடக்கம் செய்தவர். ஆர்டிஸ் கழகத்தின் மூத்த உறுப்பினர். மெர்லுக்குக் காசு என்றால் செலவழிக்கத்தான். கூட்டம் முடியும்வரை வெளியே பிக்கப் வண்டியில் பேஸ்பால் வர்ணனை கேட்டுக்கொண்டிருப்பார். இன்றுதான் முதல்முறையாக உள்ளே வந்திருக்கிறார், ஆர்டிஸ் சாகுமுன் கண்டெடுத்த டாலர் காசோடு.

2000-ஆம் வருடத்து மஞ்சள் டாலர். பின்பக்கம் பறக்கும் கழுகு. அந்த வருடம் ஏதோ ஓர் அச்சில் கீறல் விழுந்து, அதில் அடித்த காசுகளில் மட்டும் கழுகின் மார்பில் ஈட்டி பாய்ந்ததுபோல ஒரு கோடு; 'காயம்பட்ட கழுகு' என்று அதற்குப் பெயர். சிலர் அதைத் தேடியே ஆயுளைக் கழிப்பார்கள். கண்டெடுத்தவர் பெயரைக் கழகம் தகட்டில் பொறித்துச் சுவரில் மாட்டும்.

மெர்ல் கேட்டது ஆர்டிஸ் பெயரில் அந்தத் தகடு ஒன்றைத்தான்.

"யோவ் டெல்பர்ட், நீயும் இந்தக் காசும் ஒரே ஜாதிய்யா" என்று சீறினாள் செயலாளர் டார்லா. "வெளிய தங்கமாட்டம் மினுங்குது, உள்ள வெறும் செம்பு! பேரைப் போட்டா உன் அப்பன் வீட்டுச் சொத்தா போகுது? சுவத்துல யாரு பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்."

"கல்லு! கல்லுய்யா நீ."

டெல்பர்ட் கழகத்திடமிருந்த அசல் காசை எடுத்து நுண்ணோக்கியின் அடியில் வைத்தார்.

"மெர்ல், இங்க வாங்க. இதைப் பாருங்க."

மெர்ல் குனிந்தார். வெகுநேரம் நிமிரவேயில்லை.

கழுகு வானத்தையே அடைத்துக்கொண்டு பறந்தது. ஒவ்வோர் இறகும் தனித்தனியாக. மார்புக்குக் குறுக்கே அந்தக் கோடு, மலைத்தொடர் மாதிரி. ஒருபுறம் வெயில், மறுபுறம் நிழல்.

"அம்மாடி..." என்றார் மெர்ல். "இத்தனூண்டு காசுக்குள்ள இவ்வளவு இருக்கா? இதையா அவ தினம் தினம் பாத்துக்கிட்டிருந்தா? நான் பாட்டுக்கு வெளிய ஸ்கோர் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேனே!"

"கோட்டைக் கவனிங்க."

"கோடு... மேல எழும்பி நிக்குதே!"

"ஆமா. அச்சுல பள்ளம் விழுந்தா, காசுல அது மேடா வரும். உங்க காசைப் பாருங்க, குழி. வெளிய வந்தப்புறம் கீறினது."

மெர்ல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இது தெரியாமப் போச்சே எனக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும், பாவம்" என்றாள் டார்லா.

"தெரிஞ்சிருந்தா வேற மாதிரி செஞ்சிருப்பேன்." தலை நிமிராமல் சொன்னார். "நான்தாம்மா கீறினேன். தூண்டில் முள்ளால."

டார்லாவின் முகம் மாறியது. "நீங்களா? செத்தவ பேரை வச்சு மோசடியா, மெர்ல்?"

"சுவத்துக்காகச் செய்யலம்மா. அவளுக்காக. படுக்கையில கிடந்தபடியே தேடினா. பாங்க்ல காகிதத்துல சுருட்டிக் குடுக்கற காசை உருளை உருளையா வாங்கிட்டு வருவேன். போர்வை மேல கொட்டி வச்சு ஒவ்வொண்ணா பாப்பா. ஒண்ணும் கிடைக்கல. 'இன்னும் ஒரே ஒரு உருளை, மெர்ல்'ங்கறா. டாக்டர் கைவிரிச்சுட்டாரு. அவ புத்தகத்துல இருந்த படத்தைப் பாத்தேன். படத்துல மேடும் பள்ளமும் எங்க தெரியுது? ஒரு காசுல கீறி, உருளைக்குள்ள சொருகிட்டேன்."

"கண்டுபிடிச்சாளா?" டார்லாவின் குரல் இறங்கியிருந்தது.

"பிடிச்சா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'இந்த மாதிரி ஒரு காசு உலகத்துலயே வேற கிடையாது'ன்னா. அதுக்கப்புறம் உருளையே கேக்கல. தூக்கத்துலகூட அந்தக் காசு அவ கையிலதான் இருந்துச்சு."

கைக்குட்டையைத் தேடினார். கிடைக்கவில்லை. டார்லா காகிதத் துண்டைக் கிழித்து நீட்டினாள்.

"சாகப்போறவளை ஏமாத்திட்டேன். அதான் உறுத்துது. சுவத்துல பேரு ஏறிட்டா பொய்யும் உண்மையாயிரும்னு வந்தேன்."

டெல்பர்ட் அந்தக் குழிவிழுந்த காசை எடுத்து மெர்லின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"மேடா பள்ளமான்னுதான் முதல்ல பாக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே ஆர்டிஸ்தான், மெர்ல். பூதக்கண்ணாடிகூட வேண்டாம் அவளுக்கு, விரலால தடவியே சொல்லிருவா."